ஓடாத பேஸ் கார்: 1978 கார்வெட்டைப் பார்த்து வாங்குவதும் எழுப்பி ஓட்டுவதும்

1978 மே 28 அன்று நடந்த இண்டியானாபோலிஸ் 500 பந்தயத்தில், பந்தயக் கார்களுக்கு முன்னால் ஓடி வரிசையை வேகம் பிடிக்க வைத்த 'பேஸ் கார்' ஒரு செவர்லே கார்வெட். 1960-இல் அதே பந்தயத்தை வென்ற ஜிம் ராத்மன் அதை ஓட்டினார். கார்வெட்டுக்கு அது 25-ஆவது ஆண்டு. மேலே கறுப்பு, கீழே வெள்ளி, நடுவே மெல்லிய சிவப்புக் கோடு என்று அந்தக் காரின் கோலத்திலேயே 6,502 கார்களைச் செவர்லே விற்பனைக்கு விட்டது. சாதாரண கார்வெட்டின் அடிப்படை விலை 9,351.89 டாலர். பேஸ் காருக்கு 13,653.21 டாலர். ஷோரூமில் பலர் அதற்கும் மேலே, சில இடங்களில் இரண்டு மடங்கு கொடுத்து எடுத்துப் போனார்கள். வாங்கியவர்களில் நிறையப் பேர் ஓட்டவே இல்லை. நாளை பொன்னாகும் என்று நம்பி, தார்ப்பாய் போட்டுக் கொட்டகையில் நிறுத்திவிட்டார்கள்.

அதனால்தான் இன்றும் அமெரிக்காவில் சில நூறு, சில ஆயிரம் மைல் மட்டுமே ஓடிய பேஸ் கார்கள் தொடர்ந்து விற்பனைக்கு வருகின்றன. பழைய அமெரிக்க ஸ்போர்ட்ஸ் காரை முதன்முதலாக வாங்குபவருக்கு இது நல்ல வாய்ப்பு. எல்லோரும் பத்திரப்படுத்தி வைத்ததால் இது அபூர்வமான காராகவில்லை. நீங்கள் பொறுமையாக நான்கைந்து கார்களைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் இரண்டை மறக்கக்கூடாது. குறைந்த மைல் என்பது விற்பவர் சொல்லும் ஒரு எண். அதைக் காரே நிரூபிக்க வேண்டும். அடுத்தது, நாற்பது ஆண்டுக்கு மேல் நின்ற கார், ஓடிய காரை விட அதிகமாகக் கெட்டிருக்கும் இடங்கள் உண்டு.

முதலில் எண்ணைப் பாருங்கள்

நேரில் போகும் முன்பே வின் நம்பரின், அதாவது ஒவ்வொரு காருக்கும் ஆலை தரும் அடையாள எண்ணின், படம் கேளுங்கள். ஓட்டுநர் பக்கம் முன்கண்ணாடித் தூணில் பதித்த சிறு தகட்டில், வெளியிலிருந்தே படிக்கும்படி அது இருக்கும். 1978 காருக்கு அது 13 இடங்கள் கொண்டது. ஐந்தாவது இடம் எஞ்சினைச் சொல்லும்: 'எல்' என்றால் 185 குதிரைத்திறன் கொண்ட எல்-48 (கலிஃபோர்னியாவுக்கும் மேட்டுநிலப் பகுதிகளுக்கும் போனவை 175), '4' என்றால் 220 குதிரைத்திறன் கொண்ட எல்-82. ஆறாவது இடத்தில் வரும் 8 ஆண்டைக் குறிக்கும். ஏழாவது இடத்து 'எஸ்' செயிண்ட் லூயிஸ் ஆலை.

கடைசி ஆறு எண்கள்தான் உயிர்நாடி. பேஸ் கார்களுக்குத் தனி வரிசை கொடுத்தார்கள்: 900001 முதல் 906502 வரை. மற்ற 1978 கார்வெட்டுகளின் வரிசை 4-இல் தொடங்கும். கடைசி ஆறு எண்கள் 4-இல் தொடங்கினால், அது கறுப்பு-வெள்ளி பூசிய சாதாரண கார். பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம். போலி செய்வது கடினமல்ல. பேஸ் காரில் வந்த புது வடிவ இருக்கைகள் 1979-இல் எல்லாக் கார்வெட்டுக்கும் வந்துவிட்டன. காற்றை வழிநடத்தும் முன், பின் தகடுகளான ஸ்பாய்லர்களும் 1979-இல் தனி ஆப்ஷனாகக் கிடைத்தன. ஆகவே ஸ்பாய்லரையும் இருக்கையையும் பார்த்து நம்பாதீர்கள். எண் மட்டுமே சாட்சி.

கதவுகளில் 'அதிகாரபூர்வ பேஸ் கார்' என்ற எழுத்து இல்லையே என்று சந்தேகப்பட வேண்டாம். அந்த ஸ்டிக்கர்களை ஆலை ஒட்டி அனுப்பவில்லை. காருக்குள்ளேயே வைத்து அனுப்பியது. வாங்குபவர் விரும்பினால் டீலர் ஒட்டிக் கொடுப்பார். ஒட்டாத ஸ்டிக்கர்கள் உறையோடு காருடன் வந்தால் அது நல்ல அடையாளம்.

17 இட வின் நம்பர் 1981-இல்தான் வந்தது. இணையத்தில் காசு கட்டி எடுக்கும் வாகன வரலாற்று அறிக்கைகள் அந்த எண்ணை வைத்தே இயங்குபவை. 1978 காருக்கு அவை உதவாது. காகிதங்களையும் காரையும்தான் நம்ப வேண்டியிருக்கும்.

மைல் கணக்கை எப்படிச் சரிபார்ப்பது

இந்தக் காரின் ஓடோமீட்டரில் முழு மைலுக்கு ஐந்து இலக்கமும், பத்தில் ஒரு மைலுக்கு இன்னோர் இலக்கமும்தான் உண்டு. 99,999-ஐத் தாண்டினால் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். 4,200 என்று காட்டும் கார் 1,04,200 மைல் ஓடியதாகவும் இருக்கலாம். ஓடோமீட்டரைத் திருத்துவதை அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் 1972-இலேயே குற்றமாக்கியது உண்மை. ஆனால் விற்கும்போது மைலை எழுதிக் கொடுக்கும் கட்டாயத்திலிருந்து இவ்வளவு பழைய கார்களுக்கு விலக்கு உண்டு. உரிமைப் பத்திரத்தில் 'விலக்கு' என்று போட்டிருந்தால் அது விற்பவரின் தந்திரம் அல்ல, சட்டப்படி வழக்கமான ஒன்று. அதே சமயம் அது எதையும் நிரூபிக்கவும் இல்லை.

காகிதத்தில் தேட வேண்டியவை: ஷோரூம் கண்ணாடியில் ஒட்டிய விலைச்சீட்டு, முதல் விற்பனைப் பில், வாரண்டிப் புத்தகம், மாநில வருடாந்திரச் சோதனைச் சீட்டுகள், ஆயில் மாற்றிய ரசீதுகள், பழைய இன்சூரன்ஸ் தாள்கள். ஒவ்வொன்றிலும் தேதியும் மைலும் இருக்கும். அவற்றை வரிசையாக எழுதிப் பாருங்கள். 1979-இல் 900, 1986-இல் 1,450, 2003-இல் 2,100 என்று சீராக ஏறினால் நம்பலாம். நடுவில் இருபது ஆண்டு வெற்றிடம் இருந்தால் விலையில் அது தெரிய வேண்டும்.

காரில் தேட வேண்டியவை இன்னும் முக்கியம். மூன்றாயிரம் மைல் ஓடிய காரில் பிரேக் பெடலின் ரப்பரில் வரிகள் கூர்மையாக இருக்கும். ஓட்டுநர் இருக்கையின் வெளிப்பக்கத் திண்டு, ஏறி இறங்கித் தேயும் முதல் இடம். அது பயணி இருக்கையின் திண்டைப் போலவே இருக்க வேண்டும். சாவித் துளையைச் சுற்றிக் கீறல் இருக்கக்கூடாது. சக்கரத்தைக் கழற்றச் சொல்லி பிரேக் டிஸ்க்கைப் பாருங்கள். ஆலையில் டிஸ்க்குகளை ரிவெட் அடித்துப் பொருத்தினார்கள். ரிவெட்டுகள் அப்படியே இருந்தால் டிஸ்க் இதுவரை கழற்றப்படவில்லை. துளையிட்டு எடுத்திருந்தால் யாரோ பெரிய வேலை பார்த்திருக்கிறார்கள்; மூவாயிரம் மைலில் அது ஏன் தேவைப்பட்டது என்று கேளுங்கள். நல்ல பதிலும் இருக்கலாம், காரணத்தைப் பின்னால் சொல்கிறோம்.

டயரின் பக்கச் சுவரில் 'டாட்' (DOT) என்று தொடங்கும் தயாரிப்பு எண்ணின் கடைசி மூன்று இலக்கங்களைப் படியுங்கள். 2000-க்கு முன் முதல் இரண்டு வாரத்தையும் கடைசி ஒன்று ஆண்டின் இறுதி இலக்கத்தையும் குறித்தன. '108' என்றால் 1978-இன் பத்தாவது வாரம். பேஸ் காருக்கு வந்த அளவு பி255/60ஆர்15, வெள்ளை எழுத்து தூக்கலாகத் தெரியும் டயர். காரும் டயரும் ஒரே காலத்தவை என்றால், ட்ரெட்டின் ஆழமே மைலுக்குச் சாட்சி சொல்லும்.

பானட்டுக்கு அடியில்

ஒவ்வொரு முக்கிய உதிரியிலும் தேதி உண்டு என்பதுதான் ஜெனரல் மோட்டார்ஸ் கார்களின் அழகு. விதி எளிது: உதிரியின் தேதி காரின் தேதிக்கு முந்தியதாக, சில வாரங்களோ சில மாதங்களோ முந்தியதாக இருக்க வேண்டும். பிந்தியதாக இருந்தால் மாற்றப்பட்டது.

எஞ்சின் எண், வலப்பக்க சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால், பிளாக்கில் (எஞ்சினின் வார்ப்பிரும்பு உடலில்) சமமாகச் சீவிய ஒரு சிறு பரப்பில் அடித்திருக்கும். அங்கே 1, 8, 'எஸ்', பிறகு வின் நம்பரின் கடைசி ஆறு இலக்கங்கள் வர வேண்டும். ஆல்டர்னேட்டர் பெல்ட்டும் குழாய்களும் மறைப்பதால் சிறு கண்ணாடியும் டார்ச்சும் கொண்டு போங்கள். அந்தப் பரப்பில் ஆலையின் சீவல் கோடுகள் மெலிதாக, ஒரே திசையில் தெரியும். பளபளவென்று தேய்த்திருந்தாலோ, எழுத்துகள் குறுக்கும் நெடுக்குமாக இருந்தாலோ எண்ணை மறுபடி அடித்திருக்கலாம். கைக்கெட்டும் எண்ணெய்க் கறையைத் துணியில் கொஞ்சம் மண்ணெண்ணெய் தொட்டு மெல்லத் துடைக்கலாம். கம்பி பிரஷ், உப்புத்தாள் தொடவே கூடாது.

பிளாக் வார்த்த தேதி பின்பக்கம், கியர்பாக்ஸ் சேரும் விளிம்பருகே இருக்கும். எழுத்து மாதம் ('ஏ' ஜனவரி, 'சி' மார்ச்), அடுத்து நாள், கடைசி இலக்கம் ஆண்டு. 'சி 14 8' என்றால் 1978 மார்ச் 14. கார்புரேட்டர் ரோசெஸ்டர் குவாட்ராஜெட். அதன் பக்கவாட்டில் நான்கு இலக்கம்: முதல் மூன்று ஆண்டின் எத்தனையாவது நாள், கடைசி ஒன்று ஆண்டு. ஸ்பார்க் பிளக் வயர்களில் '1-க்யூ-78' போல காலாண்டும் ஆண்டும் அச்சிட்டிருக்கும். வயர்களும் பெல்ட்டும் ரேடியேட்டர் குழாயும் ஆலை தந்தவையாக இருந்தால், அந்தக் கார் உண்மையிலேயே அதிகம் ஓடவில்லை. இவை முதலில் மாற்றப்படும் பொருட்கள்.

எல்-82 என்று விலை கூடுதலாகக் கேட்டால், வின் நம்பரின் ஐந்தாவது இடத்தோடு பிளாக் எண்ணையும் ஒப்பிட்டுப் பார்க்காமல் ஒரு டாலர்கூடக் கூட்டாதீர்கள்.

பெயிண்ட்டும் உடலும்

செயிண்ட் லூயிஸ் ஆலை அக்ரிலிக் லேக்கர் பூசியது. இன்றைய கார் போல மேலே ஒளிபுகும் பூச்சு எல்லாம் இல்லை. அந்த லேக்கர் வயதானால் கண்ணாடி போல் நுண்ணிய விரிசல் விடும். அசல் பெயிண்ட்டில் அங்கங்கே ஆலையின் குறைகளும் தெரியும்: ஆரஞ்சுத் தோல் போன்ற மேடு பள்ளம், மூலைகளில் மெலிந்த பூச்சு, கதவு விளிம்புக்குள் உலர்ந்த தெளிப்பு. மிகச் சீராக, ஆழமாக மின்னும் பேஸ் கார் பெரும்பாலும் மறுபடி பெயிண்ட் அடித்தது. புதியவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். அழகானதைக் கண்டு மயங்கி அசலை விட்டுவிடுகிறார்கள்.

பெயிண்ட் கனம் அளக்கும் கருவி கொண்டு போவதானால் ஒன்று நினைவிருக்கட்டும். உடல் பெரும்பாலும் கண்ணாடியிழை. இரும்பின் மேல் காந்தத்தால் அளக்கும் சாதாரணக் கருவி இங்கே எதையும் காட்டாது. அல்ட்ராசோனிக் வகைதான் வேண்டும். அது இல்லையென்றால் ரப்பர் விளிம்புகளைத் தூக்கிப் பாருங்கள். டேப் ஒட்டிய கோடு தெரிந்தால் மறுபூச்சு.

ஸ்டிக்கர் ஒட்டிய கார்களில் அவற்றின் ஓரங்கள் சுருங்கி, அடியிலுள்ள லேக்கரோடு பிணைந்திருக்கும். அதைப் பிரித்துப் புதிது ஒட்டலாம் என்று நினைக்காதீர்கள். பெயிண்ட்டும் சேர்ந்து வரும். ஒட்டாமல் உறையில் இருக்கும் ஸ்டிக்கர்களை இன்று ஒட்டுவதும் அதே தவறு.

கண்ணாடியிழை துருப்பிடிக்காது என்று நிம்மதி அடைய வேண்டாம். அதற்குள் எஃகுச் சட்டமும், முன்கண்ணாடியையும் கதவுகளையும் தாங்கும் எஃகுக் கூடும் இருக்கின்றன. கூட்டின் பெயர் 'பேர்ட்கேஜ்'. 'டி-டாப்' எனப்படும் கழற்றக்கூடிய கூரைக் கண்ணாடிகளின் ரப்பர் காய்ந்து சுருங்கினால் தண்ணீர் உள்ளே இறங்கி, முன்கண்ணாடித் தூண்களின் அடியில் தேங்கி இந்தக் கூட்டை அரிக்கும். கால் வைக்கும் இடத்தின் ஓரத் தகடுகளைக் கழற்றினால் உள்ளே பார்க்கலாம், சில திருகுகள்தான். தரை விரிப்பை ஓரத்தில் தூக்கி முகருங்கள். புழுங்கிய வாடை வந்தால் தண்ணீர் வந்திருக்கிறது. காருக்கு அடியில், பின் சக்கரங்களுக்குச் சற்று முன்னால் சட்டம் மேலே வளையும் இடத்தைச் சிறு சுத்தியலால் தட்டுங்கள். கணீரென்றால் நல்லது. மந்தமாகக் கேட்டால் உள்ளே உதிர்கிறது.

அடியில் சாக்பீஸ் எழுத்து, பெயிண்ட் பொட்டு, சுருள்வில்லில் ஒட்டிய காகிதச் சீட்டு எல்லாம் இருந்தால் அவை அழுக்கு அல்ல. ஆலைத் தொழிலாளர்கள் சோதித்து முடித்ததற்கான குறிகள். நீராவியால் கழுவிப் பளபளப்பாக்கினால் திரும்ப வராத சாட்சிகள் போய்விடும்.

உள்ளே

பேஸ் காருக்கு வெள்ளி நிறத் தோலோ, தோலும் துணியும் கலந்ததோ மட்டும்தான் வந்தது. வெள்ளிச் சாயம் மென்மையானது. கடுமையான கிளீனர், ஆல்கஹால் எதுவும் அதைக் கரைக்கும். வீட்டுக்கு வந்ததும் செய்ய வேண்டியது, பிழிந்த ஈரத் துணியால் தூசு துடைப்பது, அவ்வளவே. பாட்டரி ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால், தரை மூடிக்கு அடியில் இருக்கும். அந்த அறையைத் திறந்து அமிலம் கசிந்த தடம் உண்டா என்று பாருங்கள். கூரைக் கண்ணாடிகளை வைக்கும் பைகள், ஜாக், கருவிப் பை, கையேடு ஆகியவை உடன் வர வேண்டும். தனித்தனியாக வாங்கப் போனால் கை கடிக்கும்.

பெட்ரோல் டேங்க்கின் மேற்புறத்தில் ஆலை ஒட்டிய காகிதம் ஒன்று உண்டு: எந்தெந்த ஆப்ஷனோடு கார் கட்டப்பட்டது என்று சொல்லும் தயாரிப்புத் தாள். டேங்க்கை இறக்கினால்தான் தெரியும். வாங்கும் முன் இறக்கச் சொன்னால் யாரும் சம்மதிக்க மாட்டார்கள். எப்படியும் பின்னர் டேங்க்கை இறக்கப் போகிறீர்கள். அப்போது மெதுவாக, பக்கவாட்டில் சாயாமல் இறக்குங்கள். எதையும் துடைக்காமல் முதலில் படம் எடுங்கள். எலி கடித்தும் ஈரம் பட்டும் பாதி அழிந்த தாள்கூட மதிப்புள்ளது.

வீட்டுக்குக் கொண்டுவருதல்

மூடிய டிரெய்லரில் மட்டும். ஓட்டிக்கொண்டு வரலாம் என்ற ஆசையை அடக்குங்கள். 1978 டயரில் நெடுஞ்சாலையில் போவது உயிரோடு விளையாடுவது. பார்வைக்கு முழுதாக இருந்தாலும் ரப்பருக்கும் எஃகு இழைக்கும் இடையே பிடிப்பு போயிருக்கும்; சூடேறினால் ட்ரெட் உரியும். முன் ஸ்பாய்லர் தாழ்வானது. டிரெய்லரின் சரிவுப் பலகை நீளமாக இல்லையென்றால் முதல் நாளே அதை உடைத்துவிடுவீர்கள். கட்டும்போது கயிறு சக்கரத்திலோ சட்டத்திலோ மட்டும். இன்சூரன்ஸ் முன்கூட்டி 'ஒப்புக்கொண்ட மதிப்பு' வகையில் எடுத்திருக்க வேண்டும். சாதாரண வகையில், சேதமானால் பழைய கார் என்று தேய்மானம் கழித்துத்தான் தருவார்கள்.

எழுப்புதல்

சாவியைத் திருப்பிப் பார்க்கும் ஆசைதான் நின்ற காரைக் கொல்லும் முதல் எதிரி. விற்பவர் 'போன மாதம்தான் ஸ்டார்ட் செய்தேன்' என்றாலும் கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள்.

முதல் நாள் எட்டு ஸ்பார்க் பிளக்குகளையும் எந்த சிலிண்டருடையது என்று குறித்துக் கழற்றுங்கள். ஒவ்வொரு துளையிலும் ஒரு மேசைக்கரண்டிக்கும் குறைவாக, சுமார் 10 மில்லி மெல்லிய எண்ணெய் விடுங்கள். 24 மணி நேரம் விட்டுவிடுங்கள். பிஸ்டன் வளையங்கள் உலர்ந்து சிலிண்டர் சுவரோடு லேசாக ஒட்டியிருக்கும். எண்ணெய் ஊறி அதை விடுவிக்கும். ஊறாமல் ஸ்டார்ட்டரால் சுழற்றினால் சுவரைக் கீறும்.

மறுநாள் முன்பக்கம் கிராங்க் புல்லியின் நடு போல்ட்டில் 5/8 அங்குல சாக்கெட் வைத்துக் கையால் சுழற்றுங்கள். இரண்டு முழுச் சுற்று, ஒரே சீரான எதிர்ப்போடு வர வேண்டும். எங்காவது கெட்டியாக நின்றால் பலத்தைக் கூட்டாதீர்கள். இன்னும் எண்ணெய் விட்டு இன்னும் ஒரு நாள்.

பிறகு ஆயில் மாற்றுங்கள்: வடிகட்டியோடு சேர்த்து 5 குவார்ட், சுமார் 4.7 லிட்டர். இந்த எஞ்சினின் கேம்ஷாஃப்ட்டுக்கு மேல் தட்டை அடிப்பாகம் கொண்ட லிஃப்டர்கள் வழுக்கி ஓடுகின்றன. இன்றைய கார்களுக்கான பல ஆயில்களில் துத்தநாகச் சேர்க்கை குறைவு. அது போதாமல் கேம் தேயும். பழைய எஞ்சின்களுக்கென்று துத்தநாகம் கூடுதலாகச் சேர்த்த ஆயில் வாங்குங்கள்.

அடுத்து, ஸ்டார்ட் செய்யும் முன் ஆயிலை மேலே ஏற்ற வேண்டும். ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைத் திறந்து, உள்ளே சுழலும் ரோட்டார் எங்கே நிற்கிறது, உடல் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று இரண்டையும் குறியிட்டுப் படமும் எடுத்துவிட்டு, டிஸ்ட்ரிபியூட்டரை வெளியே எடுங்கள். 'ஸ்மால் பிளாக் செவர்லே' எனப்படும் இந்த எஞ்சின் வகைக்கான ஆயில் பம்ப் சுழற்றியை உள்ளே விட்டு, அரை அங்குல டிரில்லால் வலஞ்சுழியாகச் சுழற்றுங்கள். சுழற்றியில் டிஸ்ட்ரிபியூட்டர் உடலைப் போன்ற வளையம் இருக்க வேண்டும். அது இல்லாத மலிவான கம்பி போன்ற சுழற்றியில் ஆயில் வழியிலேயே கசிந்துவிடும், மேலே ஏறாது. பம்ப் பிடித்ததும் டிரில் கனமாவது கையில் தெரியும். ராக்கர் மூடிகளைக் கழற்றி, எல்லா ராக்கரிலும் ஆயில் வழிகிறதா என்று பார்த்துத்தான் நிறுத்த வேண்டும். இடையிடையே கிராங்கைக் கால் சுற்று திருப்புங்கள். கடைசியில் கிராங்கைத் தொடங்கிய இடத்துக்கே கொண்டுவந்துவிட்டு டிஸ்ட்ரிபியூட்டரைக் குறிப்படி திரும்ப வையுங்கள். இந்த ஒரு மணி நேர வேலை கேம்ஷாஃப்ட்டையும் பேரிங்குகளையும் காப்பாற்றுகிறது.

பெட்ரோல். டேங்க் 24 காலன், அதாவது சுமார் 90 லிட்டர் பிடிக்கும். பழைய பெட்ரோல் வார்னிஷ் வாடை அடிக்கும், பழுப்பாகும், பிசினாகும். அதை ஒரு சொட்டுகூட கார்புரேட்டருக்கு விடாதீர்கள். டேங்க்கை இறக்கிச் சுத்தம் செய்யும் வரை, பெட்ரோல் பம்புக்கு வரும் குழாயைக் கழற்றிப் படகில் பயன்படுத்தும் ஒரு காலன் கேனோடு இணைத்து அதிலிருந்து ஓட்டுங்கள். எத்தனால் கலக்காத பெட்ரோலாக இருக்கட்டும். எத்தனால் பழைய ரப்பர் குழாய்களையும் கார்புரேட்டரின் உள் டயஃப்ராம்களையும் கரைக்கும். குவாட்ராஜெட்டின் வாயில் உள்ள பெரிய நட்டுக்குள் சிறு வடிகட்டி இருக்கிறது. அதை மாற்றும்போது பெரிய நட்டை ஒரு ஸ்பேனரால் பிடித்துக்கொண்டு, சிறிய நட்டை இன்னொன்றால் திருகுங்கள். ஒரே ஸ்பேனரால் இழுத்தால் கார்புரேட்டரின் மெல்லிய மரை கிழியும். அசல் கார்புரேட்டர் பாழாவதில் இதுதான் மிகச் சாதாரணமான காரணம்.

புதிய பிளக்குகளின் இடைவெளி 0.045 அங்குலம். அசல் பிளக்குகளை எண்ணிட்டுப் பையில் போடுங்கள். டிஸ்ட்ரிபியூட்டரின் மேல், 'பாட்' என்று குறித்த இளஞ்சிவப்பு வயரைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட்டரைப் பத்து விநாடி சுழற்றி ஆயில் அழுத்தம் ஏறுகிறதா பாருங்கள். ஏறியபின் வயரை மாட்டி ஸ்டார்ட் செய்யுங்கள். முதல் சில நிமிடம் நீலப் புகை வருவது நீங்கள் விட்ட எண்ணெய். எஞ்சினின் பின்பக்கக் கிராங்க் சீல் கொஞ்சம் கசியும். காய்ந்த சீல் பத்து இருபது நாள் ஓட்டத்தில் ஊறி நின்றுவிடுவதும் உண்டு, அதனால் உடனே கியர்பாக்ஸைக் கழற்ற ஓடாதீர்கள்.

பிரேக்குகள்: இந்தக் காரின் நிஜமான பிரச்சினை

எஞ்சின் ஓடிவிட்டது என்ற மகிழ்ச்சியில் தெருவுக்குப் போகாதீர்கள். 1965 முதல் 1982 வரை கார்வெட்டுகளில் நான்கு சக்கரத்திலும், பிரேக் கட்டைகளை டிஸ்க்கின் மேல் அழுத்தும், நான்கு பிஸ்டன் கொண்ட காலிப்பர்கள். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். கார் நிற்கும்போது அந்த ஈரம் காலிப்பரின் வார்ப்பிரும்புத் துளைகளில் தங்கி, பிஸ்டன் சீல் உட்காரும் இடத்திலேயே குழி குழியாக அரிக்கும். சீல் எத்தனை முறை மாற்றினாலும் குழி வழியே கசியும். 500 மைல் ஓடிய காரிலும் இது நடந்திருக்கும். மைல் குறைந்த காரில் பிரேக்கை ஏற்கெனவே பழுதுபார்த்திருந்தால் சந்தேகப்படாமல், சந்தோஷப்பட வேண்டிய காரணம் இதுவே.

சக்கரங்களைக் கழற்றி, பிஸ்டன்களின் தூசு உறைகளை மெல்ல விலக்கிப் பாருங்கள். ஈரமாக இருந்தால் காலிப்பர்களுக்குத் துருப்பிடிக்காத எஃகு உறை போட வேண்டும். இந்த வேலைக்கென்றே கடைகள் உண்டு. இங்கே ஒரு எச்சரிக்கை: பலர் 'பழையதைக் கொடு, தயாராக இருக்கும் வேறொன்றை எடுத்துப் போ' என்பார்கள். விரைவாக முடியும், ஆனால் உங்கள் காரோடு பிறந்த, தேதி வார்த்த காலிப்பர் வேறு யாரிடமோ போய்விடும். உங்கள் காலிப்பரையே உறை போட்டுத் தரச் சொல்லி, தாமதமானாலும் காத்திருங்கள்.

காற்று எடுக்கும்போது, பின் காலிப்பர் ஒவ்வொன்றிலும் இரண்டு காற்று போக்கித் திருகுகள் உண்டு, முன்னால் ஒவ்வொன்று, மொத்தம் ஆறு. பின்னால் உள்ளும் வெளியும் இரண்டையும் திறக்காவிட்டால் பெடல் பஞ்சு போலவே இருக்கும். பெடல் சில நாளில் மறுபடி தாழ்ந்தால் டிஸ்க்கின் ஆட்டத்தை டயல் கேஜில் அளந்து பாருங்கள். ஆடும் டிஸ்க் பிஸ்டன்களை முன்னும் பின்னும் தள்ளி, பம்ப் போலக் காற்றை உள்ளே இழுக்கும்.

கைப்பிரேக்கின் ஷூக்கள் பின் டிஸ்க்குக்கு உள்ளே இருக்கின்றன, துருப்பிடித்து ஒட்டியிருக்கலாம். அதை விடுவிக்கும் வரை கைப்பிரேக்கை இழுக்காதீர்கள்.

பின் சக்கர பேரிங்குகளில் கிரீஸ் ஊட்ட வழியில்லை. சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து அசைத்துப் பாருங்கள். ஆட்டம் 0.008 அங்குலத்துக்கு மேல் போனால், அல்லது சுழற்றும்போது கரகரத்தால், அதற்கான சிறப்புக் கருவி வைத்திருக்கும் கார்வெட் பணிமனைக்கு அனுப்புங்கள். வீட்டில் சுத்தியலால் தட்டி எடுக்க முயன்றால் ஸ்பிண்டில் காளான் போல விரிந்துவிடும்.

மற்றவை

ஹெட்லைட்டுகள் வெற்றிடத்தால் எழுகின்றன. ஒரு பக்கம் மட்டும் எழுந்தாலோ, பாதியில் நின்றாலோ மின்சாரத்தைத் தேடாதீர்கள். மணிக்கணக்காகத் தேடியும் கிடைக்காது. எஞ்சின் ஓடும்போது உஸ் என்ற சத்தத்தைக் காதால் தேடுங்கள். காய்ந்த ரப்பர் குழாய், அல்லது எழுப்பும் குடுவையின் உள்ளே கிழிந்த டயஃப்ராம். குழாய்களில் நிறக் கோடுகள் உண்டு. அதே கோடு போட்ட மறுதயாரிப்புக் குழாய்களை வாங்கி ஒவ்வொன்றாக மாற்றுங்கள், எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பிடுங்கினால் மாட்டத் தெரியாது.

ஏசிக்கு ஆர்-12 வாயு. அமெரிக்காவில் அதன் தயாரிப்பு 1995 முடிவோடு நின்றது. சான்று பெற்ற மெக்கானிக்கிடம்தான் கிடைக்கும். அசலாக வைத்திருக்க விரும்பினால் ஏசியை அப்படியே விடுங்கள். புதிய வாயுவுக்காக உதிரிகளை மாற்றுவது இந்தக் காருக்கு நல்லதல்ல.

கேட்டலிடிக் கன்வெர்ட்டர் பொருத்திய கார் என்பதால் ஈயமில்லாத பெட்ரோலே இதற்கு உரியது. ஈயச் சேர்க்கை எதுவும் ஊற்ற வேண்டாம். டிஃபரென்ஷியலில் ஆயில் மாற்றினால், வழுக்கல் தடுப்புக் கிளட்சுக்கான சேர்க்கை 4 அவுன்ஸ் சேர்க்க மறக்காதீர்கள். அது இல்லாமல் திருப்பங்களில் பின்னால் கடகடவென்று அதிரும். புதியவர்கள் அச்சு உடைந்துவிட்டது என்று பயப்படுவது இதைக் கேட்டுத்தான்.

கழற்றியதைத் தூக்கி எறியாதீர்கள்

மேலே சொன்னபடி மாற்றும் ஒவ்வொன்றும், டயர், பெல்ட், குழாய், கிளாம்ப், பிளக், பாட்டரி வரை, தேதியும் மைலும் எழுதிய சீட்டோடு பெட்டியில் போக வேண்டும். மாற்றும் முன் ஒரு படம், மாற்றிய பின் ஒரு படம். டயர்களை அசல் சக்கரங்களோடே கழற்றி வைத்துவிட்டு, ஓட்டுவதற்கு வேறு நான்கு சக்கரம் வாங்குவது சிறந்தது. காரைக் காட்சிக்குக் கொண்டு போகும் நாளில் பழையவை திரும்ப ஏறும். தேசிய கார்வெட் மறுசீரமைப்போர் சங்கம், அதாவது என்சிஆர்எஸ், ஆலை விட்டபடி இருக்கிறதா என்று புள்ளியிட்டு மதிப்பிடுகிறது. உயர்ந்த தரமான 'டாப் ஃபிளைட்' பெற 94 விழுக்காடு வேண்டும். மறுசீரமைக்காத கார்களுக்கு அங்கே தனி அங்கீகாரமும் உண்டு. பங்கேற்கும் எண்ணம் இல்லாவிட்டாலும், 1978-க்கான அவர்களின் மதிப்பீட்டுக் கையேட்டை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எந்த கிளாம்ப் எங்கே வரும் என்பது வரை அதில் இருக்கிறது.

நிறுத்தி வைக்கும் முறை

ஈரப்பதம் 45 முதல் 50 விழுக்காடு. அதற்கு மேல் போனால் துரு, பிரேக் அரிப்பு. 40-க்குக் கீழே போனால் தோலும் ரப்பரும் காயும். காற்றுப் புகாத பிளாஸ்டிக்கில் மூடுவது மிக மோசம், உள்ளே அடைபட்ட ஈரம் வெளியேறாது. பருத்தித் துணி உறை போதும். டேங்க் நிறைய எத்தனால் இல்லாத பெட்ரோல், அதில் பெட்ரோல் கெடாமல் காக்கும் நிலைப்படுத்தித் திரவம். டேங்க்கில் காலி இடம் இருந்தால் அங்கே ஈரம் படியும். பாட்டரியைப் பராமரிப்பு சார்ஜரில் விடுங்கள், கைப்பிரேக்கை விடுவித்து சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். எலி வரும் வழிகளை எஃகுக் கம்பளியால் அடையுங்கள். காருக்குள் விஷம் வைத்தால் செத்த எலி காற்றுக் குழாயில் அழுகும்.

மாதம் ஒரு முறை குறைந்தது இருபது மைல் ஓட்டுங்கள். 'மைல் கூடிவிடுமே' என்று கொட்டகையிலேயே பத்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைப்பவர்கள் காரைக் கெடுக்கிறார்கள். எஞ்சின் முழுதாகச் சூடாகாமல் ஆயிலிலும் சைலன்சரிலும் நீர் தங்கி, உள்ளிருந்தே அரிக்கும். கியர் ஆயிலும் பேரிங் கிரீஸும் பிரேக்கும் அசையவே இல்லை. ஆண்டுக்கு 240 மைல் என்பது நாலாயிரம் மைல் காரின் விலையைக் குறைக்காது. கசியும் காலிப்பரும் ஒட்டிய கிளட்சும் குறைக்கும். பிரேக் ஆயிலை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை முழுதாக மாற்றுங்கள். எஞ்சின் ஆயிலை மைலைப் பார்க்காமல் ஆண்டுக்கு ஒரு முறை. ஒவ்வொரு ஓட்டத்தையும் தேதி, மைல், வெளி வெப்பநிலையோடு ஒரு நோட்டில் எழுதுங்கள். அடுத்து வாங்க வருபவர், இந்தக் கட்டுரையின் தொடக்கத்தில் உங்களைத் தேடச் சொன்ன அதே காகிதத்தைத்தான் உங்களிடம் கேட்பார்.